குனியாமல் வீடு பார்க்க வாங்கியவை: ஆறு வருஷம் கழித்து

2019 ஆடியில் ஸ்கேன் எடுத்த அன்றைக்குத்தான் என் இடுப்பு வலிக்கு ஒரு பெயர் கிடைத்தது: எல்4–எல்5 டிஸ்க் பிதுக்கம், அதாவது இடுப்பின் நாலாவது, ஐந்தாவது முள்ளெலும்புக்கு நடுவில் மெத்தை மாதிரி இருக்கும் வட்டு வெளியே பிதுங்கியிருக்கிறது. அதுவரை வாயு என்று நினைத்துப் பூண்டும் பெருங்காயமும் தின்றுகொண்டிருந்தேன். அடுத்த ஜனவரி 31ஆம் தேதி தொலைபேசி இலாகாவில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டோடு வந்தாயிற்று. முப்பது வருஷம் நாற்காலியில் உட்கார்ந்து கெடுத்த முதுகை வீட்டு வேலை செய்தே சரிபண்ணிவிடலாம் என்று அப்போது ஒரு நினைப்பு.

வீடு திருநெல்வேலி கொக்கிரகுளத்தில், தாமிரபரணிக்குப் பக்கம். ஏழு சென்ட். முன்னால் பிச்சியும் செம்பருத்தியும். புறவாசலில் நாலு தென்னை, ஒரு முருங்கை, கறிவேப்பிலை, அப்போது கொஞ்சம் வாழையும். நானும் அவரும்தான். எனக்கு இப்போது அறுபத்துமூன்று, அவருக்கு அறுபத்தெட்டு. எனக்கு முதுகு, அவருக்கு முழங்கால். ரெண்டு பேரையும் சேர்த்தால் ஒரு ஆள் தேறும்.

இந்த ஆறு வருஷத்தில் முதுகுக்காக வாங்கிய சாமான்களில் பாதி இன்று ஷெட்டில் தூசி படிந்து கிடக்கிறது. எது நின்றது, எது போனது என்று எழுதிவைத்தால் இனி வாங்கப் போகிறவர்களுக்காவது காசு மிச்சம்.

முதலில் வாரியல். நம் வீடுகளில் பாருங்கள், எல்லாமே தரையில்தான் நடக்கிறது. கூட்டுவது, துடைப்பது, அருவாமனை, துவைகல், கோலம், அடுப்படியில் அரிசி மூட்டை. தென்னை ஈர்க்கு வாரியல் இரண்டரை அடிக்கு மேல் இருக்காது. அதை வைத்துக்கொண்டு நிமிர்ந்து கூட்ட எந்தக் கொம்பனாலும் முடியாது. நான் முதலில் செய்தது, அந்த வாரியலை நாலரை அடி மூங்கில் கம்பில் சைக்கிள் டியூபைக் கிழித்து இறுக்கிக் கட்டியது. செலவு ஒன்றுமில்லை. ஆறு வருஷமாக அதே கம்பு, வாரியல் மட்டும் மாறுகிறது. முற்றத்துச் சருகுக்கு இதைவிட நல்ல சாமான் நான் பார்க்கவில்லை. ஒரே குறை, மூலைக்குள் போகாது.

வீட்டுக்குள் துடைக்க, சுற்றிப் பிழிகிற மாப் வாங்கினேன். துடைப்பதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கடைக்காரர் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. அந்த வாளியில் தண்ணீர் நிறைத்தால் எட்டு, பத்து கிலோ. குழாயடியிலிருந்து தூக்கிவருவதும் கடைசியில் அழுக்குத் தண்ணீரைக் கவிழ்ப்பதும்தான் முதுகைக் கொல்லும் வேலை. இரண்டு வருஷம் கஷ்டப்பட்ட பிறகு உறைத்தது: வாளியை நடுக்கூடத்திலேயே வைத்து, மக்கால் நாலு முறை ஊற்றினால் போதாதா? இப்போது அடியில் மூடி வைத்து வடிக்கிற மாதிரி வாளி வருகிறது. புதிதாக வாங்குகிறவர்கள் அதைக் கேட்டு வாங்குங்கள்.

இடுப்புப் பெல்ட்டைப் பற்றிக் கேட்பவர்கள் அதிகம். ஆயிரத்துச் சொச்சம் கொடுத்து வாங்கி ஒன்றரை வருஷம் கட்டினேன். கட்டியிருக்கும்போது தைரியம் வரும். அந்தத் தைரியத்தில் தூக்கக் கூடாததைத் தூக்குவேன். அவிழ்த்த அன்றைக்கு இடுப்பு யாருடையதோ மாதிரி இருக்கும். 2023 டிசம்பர் 7ஆம் தேதி உலக சுகாதார நிறுவனம் நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கு முதன்முறையாக ஒரு வழிகாட்டி வெளியிட்டது. அதில் வழக்கமான சிகிச்சையாக வேண்டாம் என்ற பட்டியலில் இடுப்புப் பெல்ட்டும் இருக்கிறது, கட்டித் தொங்கவிட்டு இழுக்கும் டிராக்‌ஷனும் இருக்கிறது. வேண்டும் என்ற பக்கம் உடற்பயிற்சி. நான் டிராக்‌ஷனுக்கும் பத்து நாள் போய்ப் படுத்தவள். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

அந்த வழிகாட்டி வந்து பத்தே நாளில் எங்கள் தெருவுக்குள் ஆறு வந்தது. டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. ராத்திரி முழுக்க மழை. விடியும்போது திண்ணை மூழ்கியிருந்தது, மதியத்துக்குள் கூடத்தில் முழங்கால் அளவு. தண்ணீர் இரண்டு நாளில் வடிந்தது. சகதி வடியவில்லை. தாமிரபரணி வண்டல் அரையடிக்கு, அரைத்த மாவு மாதிரி வழவழவென்று, கட்டிலுக்கு அடியிலெல்லாம். ஊரே சேறு அள்ளிக்கொண்டிருந்தது, கூலிக்கு ஆள் எங்கே கிடைக்கும்? சாந்துச் சட்டியை எடுத்துக்கொண்டு நானே இறங்கினேன். பெல்ட் கட்டிக்கொண்டுதான்.

எத்தனாவது சட்டி என்று நினைவில்லை. குனிந்து அள்ளி, காலை அசைக்காமல் இடுப்பை மட்டும் திருப்பி வாசல் பக்கம் வீசினேன். இடது பிட்டத்திலிருந்து கணுக்கால் வரை கரண்ட் அடித்த மாதிரி ஓர் இழுப்பு. அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டேன். அவர் வந்து தூக்க முயன்று, அவருடைய முழங்கால் மடங்கி, அவரும் உட்கார்ந்துவிட்டார். எதிர்வீட்டுப் பையன் வந்துதான் இருவரையும் எழுப்பினான். மூன்று மாதம் சரியாக நடக்கவில்லை.

அந்த மூன்று மாதத்தில்தான் ஒழுங்கான பிசியோதெரபிஸ்ட் ஒருத்தி கிடைத்தாள். என் மகன் வயதுகூட இருக்காது. முதல் நாள் மேஜைக்குப் பக்கத்தில் ஒரு சாவியைக் கீழே போட்டு, "எடுங்கம்மா" என்றாள். எடுத்தேன். "இப்படித்தான் அறுபது வருஷமா எடுத்திருக்கீங்க. இனிமே வேற மாதிரி எடுப்போம்" என்றாள். ஒரு கை மேஜையில், ஒரு கால் பின்னால் நேராக எழும்ப, உடம்பு தராசுக்கோல் மாதிரி சாய்ந்து மறு கை கீழே போகவேண்டும். முதுகு வளைவதே இல்லை. கனமான பொருள் என்றால் கதவுக் கீல் மாதிரி தொடைச்சந்தில் மடங்கி, பிட்டத்தைப் பின்னால் தள்ளி, முழங்காலைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து எடுப்பது. தூக்கிவிட்டால் இடுப்பைத் திருப்பக் கூடாது. காலை எடுத்துவைத்து முழு உடம்போடு திரும்ப வேண்டும். நான் ஆறாயிரத்துக்கு வாங்கிய சாமான்களெல்லாம் இந்த ஒரு வித்தைக்கு உறைபோடக் காணாது.

அவள் இன்னொரு கணக்கும் சொன்னாள். நாச்செம்சன் என்ற சுவீடன் நாட்டு மருத்துவர் டிஸ்க்குக்குள்ளேயே ஊசி வைத்து அழுத்தத்தை அளந்தாராம். நேராக நிற்கும்போது 100 என்றால் மல்லாந்து படுத்தால் 25. நின்றபடி முன்னால் குனிந்தால் 150. உட்கார்ந்துகொண்டு முன்னால் குனிந்தால் 185. பின்னால் வந்த ஆய்வுகள் சும்மா உட்காரும் கணக்கைக் கொஞ்சம் திருத்தினாலும், குனிந்தால் ஏறும் என்பது மாறவில்லை.

இந்த 185ஐக் கேட்டதும் எனக்கு ஒரு மர்மம் விளங்கியது. களை பறிக்க என்றே ஒரு குட்டை முக்காலி செய்து வைத்திருந்தேன். குனியாமல் உட்கார்ந்து பறிக்கிறோமே, பிறகு ஏன் எழுந்திருக்கும்போது உயிர் போகிறது என்று குழம்பிக்கொண்டிருந்தேன். மண்ணைத் தொட உட்கார்ந்தபடி குனிந்துகொண்டுதானே இருந்தேன்! முக்காலி இப்போது உண்டியல் வைக்க உதவுகிறது.

களை விஷயத்தில் நான் பட்ட பாடு தனிக்கதை. நின்றபடியே களையைப் பிடுங்கும் கருவி என்று இணையத்தில் ஒன்று வாங்கினேன். நுனியில் நாலு நகம், மிதிக்க ஒரு கட்டை. படத்தில் வெள்ளைக்காரர் ஒருவர் புல்வெளியில் சிரித்துக்கொண்டு பிடுங்குவார். பங்குனி வெயிலில் எங்கள் புறவாசல் மண் செங்கல் மாதிரி. மூன்றாம் நாள் நகம் மடங்கிவிட்டது. மண் ஈரமாக இருந்தாலும் கோரைக்கு அது லாயக்கில்லை. கோரையின் உயிர் கீழே கிழங்கில். மேலே பிடுங்கினால் நாலே நாளில் 'வந்துட்டேன் அக்கா' என்று நிற்கும்.

கடைசியில் கைகொடுத்தவை இரண்டு. ஒன்று, கொல்லன் பட்டறையில் பழைய களைக்கொத்தித் தலைக்கு என் தோள் உயரத்துக்குப் போட்டுத் தந்த காம்பு. ஐந்தடி ஓரங்குல உயரக்காரிக்கு நாலேகால் அடிக் காம்பு சரியாக இருக்கிறது. அவருக்கு அது குட்டை. ஆகவே ஆளுக்கு ஆள் அளவு மாறும், கடையில் ரெடிமேடாக வாங்காதீர்கள். இன்னொன்று, மூடாக்கு. வெட்டிய தென்னை மட்டை, உரிமட்டை, வாழைச் சருகு எதையும் வெளியே போடாமல் கோரை வந்த இடத்திலெல்லாம் ஒரு சாண் கனத்துக்குப் பரப்பினேன். முதலில் பாம்பு வரும் என்று அவர் சண்டை போட்டார். அது உண்மைதான், நியாயமான பயம்தான். அதனால் வீட்டுச் சுவரிலிருந்து ஐந்தடி தூரத்துக்குப் போடுவதில்லை, மட்டையைக் கிளற வெறுங்கையை விடுவதும் இல்லை. இரண்டு வருஷத்தில் களை முக்கால்வாசி அடங்கிவிட்டது. கோரை முழுக்கச் சாகவில்லை, சோகையாகிவிட்டது.

தண்ணீர்ப் பாய்ச்ச நூறடி ஹோஸ் பைப். தண்ணீர் நிறைந்த பைப்பை மரம் மரமாக இழுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது மலைப்பாம்பை இழுப்பது மாதிரி. சொட்டுநீர் போட்டேன். உள்ளபடி சொன்னால் முதல் வருஷம் அதுவே ஒரு தொல்லை. போர் தண்ணீரில் உப்பு, சொட்டுவான்கள் மாதத்துக்கு நாலு அடைக்கும். அணில் குழாயைக் கடிக்கும். எல்லாவற்றிலும் பெரிய கூத்து, பொருத்தியவர் ஃபில்டரைத் தரையோடு தரையாக வைத்துவிட்டுப் போனது; முதுகைக் காப்பாற்ற வந்த சாமானைக் கழுவ வாரம் ஒருமுறை நான் மண்டியிட வேண்டும்! பிளம்பரை அழைத்து ஃபில்டரையும் வால்வுகளையும் இடுப்பு உயரத்துக்கு ஏற்றிய பிறகுதான் நிம்மதி. இன்று அதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

உண்மையில் எனக்குப் புத்தி வந்தது அந்த ஃபில்டரில்தான். நீளக் கம்பும் நகமும் வைத்துத் தரைக்கு இறங்குவதற்குப் பதில், தரையில் இருப்பதை இடுப்புக்கு ஏற்றினால் என்ன? அதன்பிறகு வீட்டில் ஒவ்வொன்றாக ஏறியது. கீரைக்கும் கத்தரிக்கும் ஹாலோபிளாக் அடுக்கி இரண்டரை அடிக்கு ஒரு மேடை, அதன்மேல் தென்னைநார்த் தூள் நிரப்பிய பைகள். மண்ணைவிட லேசு, நகர்த்தலாம். அரிசியும் பருப்பும் அடுப்படி மேடைக்கு மேல் வந்தன. துவைகல்லில் இப்போது காக்கா உட்காருகிறது. அருவாமனை போய்க் கத்தியும் பலகையும் வந்தன, தேங்காய் துருவ மட்டும் மனசு கேட்கவில்லை, மேஜையில் திருகிப் பொருத்தும் துருவி வாங்கினேன். கேஸ் சிலிண்டர் நிறைந்திருந்தால் முப்பது கிலோ வரும். அதற்குச் சக்கரம் வைத்த தட்டு. இருநூற்றைம்பது ரூபாய்தான், முதல் நாளே வாங்கியிருக்க வேண்டும்.

ஏமாந்த இன்னொன்று: சித்தாள் தள்ளும் ஒற்றைச் சக்கர வண்டி. மட்டை அள்ள வசதி என்று வாங்கினேன். கைப்பிடியைத் தூக்கிப் பிடிக்கும்போது பாதி பாரம் நம் இடுப்பில். ஒருபக்கம் சாய்ந்தால் நிமிர்த்தத் திருகவேண்டும். எங்கள் வயதுக்கு இரட்டைச் சக்கரம்தான்.

கோலத்துக்கு மட்டும் என்னிடம் நல்ல விடை இல்லை. உருட்டுக் கோலக்குழல் வாங்கிப் பார்த்தேன், கம்பளிப்பூச்சி ஊர்ந்த மாதிரி இருந்தது. வாசலில் பெயிண்டில் ஒரு படிக்கோலம் எழுதிவிட்டேன். மார்கழியில் நாலு புள்ளிக்கு மேல் போவதில்லை. பக்கத்து வீட்டு வாசலைப் பார்க்காமல் உள்ளே வந்துவிடுவேன்.

ஆள் வைப்பதைப் பற்றி. வெள்ளத்துக்கு முன்பு வரை, ஆள் வைத்தால் தோற்றுப்போன மாதிரி என்று எனக்குள் ஒரு வீம்பு. இப்போது தென்னை ஏற வருகிறவரே மாதம் இரண்டு தடவை அரைநாள் நின்று மட்டை வெட்டி, வாய்க்கால் எடுத்துவிட்டுப் போகிறார். ஒரு தடவைக்கு அறுநூறு ரூபாய். அவர் இருக்கும்போது நான் ஏதாவது எடுக்கப் போனால், மரத்திலிருந்தே சத்தம் வரும்: "ஏன்க்கா குனியுதீய? நான் எதுக்கு இருக்கேன்?" வாழையை முழுக்க எடுத்துவிட்டேன். குலை தள்ளினால் முட்டுக் கொடுக்க, வெட்டினால் சுமக்க, பக்கக்கன்று தோண்ட, எல்லாமே முதுகு வேலை. முதல் இரண்டு மாதம் அந்த வெற்றிடம் உறுத்தியது. பிறகு அங்கே கொடி கட்டித் துணி உலர்த்த ஆரம்பித்தேன், தோள் உயரத்தில்.

நேரக் கணக்கு: தோட்டத்தில் இருபது நிமிஷம், பிறகு பத்து நிமிஷம் நடை. போனில் அலாரம் வைத்தால் அணைத்துவிட்டுத் தொடர்வேன், என் குணம் எனக்குத் தெரியும். அதனால் அடுப்பில் இட்லியை வைத்துவிட்டு இறங்குகிறேன். அதை அணைக்க உள்ளே வந்தே ஆகவேண்டும்.

ஒன்று மட்டும் விளையாட்டில்லாமல். காலில் பலம் குறைந்தாலோ, தொடை இடுக்கு மரத்தாலோ, சிறுநீரோ மலமோ கட்டுப்பாடில்லாமல் போனாலோ சாமான், பயிற்சி எதையும் யோசிக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

பாக்கி இருப்பது வாஷிங் மெஷின். மேல்மூடி வகைதான், அடியில் கிடக்கும் கடைசிக் காலுறையை எடுக்கத் தலைகீழாக உள்ளே தொங்குகிறேன். இடுக்கி ஒன்று வைத்திருக்கிறேன், பாதி நாள் அதுவே உள்ளே விழுந்துவிடுகிறது. முன்மூடி மெஷினுக்கு மாறலாம் என்று, அதை ஏற்றிவைக்க ஒன்றரையடி ஸ்டாண்டுக்கு வெல்டிங் பட்டறையில் சொல்லியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை தருவதாகச் சொன்னார். எந்த வெள்ளிக்கிழமை என்று கேட்க மறந்துவிட்டேன்.