இண்டர்காம் துணைப் பேனல்கள்: உப்புக்காற்றில் மூன்று வருடம்

ராமேஸ்வரம் அக்னி தீர்த்தத்தில் ஆடி அமாவாசை, ஏர்வாடியில் சந்தனக்கூடு, உத்தரகோசமங்கையில் ஆருத்ரா தரிசனம். எங்கள் குழு வருடம் தவறாமல் நேரலை செய்யும் நிகழ்ச்சிகளில் பெரியவை இவைதான். கேமராக்காரர்கள், ஸ்விட்சர் (கேமராக் காட்சிகளை மாற்றிவிடுபவர்), ஆடியோ ஆள், வர்ணனையாளர், ஜெனரேட்டர் பார்ப்பவர் என்று எல்லோரும் ஒரே நேரத்தில் பேசிக்கொள்ள மேட்ரிக்ஸ் வகை இண்டர்காம் ஒன்றை வைத்திருக்கிறோம். எல்லோருடைய லைனும் மேட்ரிக்ஸ் என்ற நடுப் பெட்டிக்கு வரும், என் முன்னால் இருக்கும் மெயின் பேனலில் ஆளுக்கொரு கீ, அதாவது பொத்தான், இருக்கும். மூன்று வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. அதனுடன் சேர்த்துப் பூட்டிய துணைப் பேனல்களைப் பற்றிக் கேட்டு வெளியூர் குழுக்களிடமிருந்து அடிக்கடி போன் வருகிறது, அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

எங்களிடம் இருப்பவை மூன்று: கூடுதல் கீ பேனல், ஒலி அளவுப் பேனல், ரிலே பேனல். பலரும் முதலில் வாங்குவது கூடுதல் கீ பேனலை. என்னைக் கேட்டால் ஒலி அளவுப் பேனலைத்தான் முதலில் வாங்கச் சொல்வேன்.

கீ பேனலில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மெயின் பேனலுக்குக் கீழே ரேக்கில் (கருவிகளை அடுக்கிப் பூட்டும் சட்டத்தில்) பூட்டி, பின்புறம் குட்டையான ரிப்பன் கேபிளால் இணைத்தால் வேலை முடிந்தது. அது மெயின் பேனலின் நீட்சிதான் என்பதால் மேட்ரிக்ஸில் தனியாக ஒரு போர்ட் (இணைப்பு இடம்) கேட்காது. செலவில் இது நல்ல மிச்சம். மெயின் பேனலின் மின்சாரத்தை நிறுத்திவிட்டுத்தான் ரிப்பனைச் செருக வேண்டும், அப்புறம் மெனுவில் எத்தனை நீட்சிப் பேனல் இருக்கிறது என்று சொல்லிக்கொடுக்க வேண்டும். எங்களுக்கு விற்றவர் அந்த ரிப்பனையே அனுப்பாமல் விட்டுவிட்டார். வேறு ஊரிலிருந்து அது வந்து சேரும்வரை பேனல் பெட்டியிலேயே கிடந்தது. வாங்கும்போது கேபிளும் வருகிறதா என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒலி அளவுப் பேனலுக்கு வருகிறேன். இதில் ஒவ்வொரு கீக்கும் நேராக ஒரு குமிழ். அந்தக் கீயில் யார் குரல் வருகிறதோ, அவர் என் காதில் எவ்வளவு சத்தமாகக் கேட்க வேண்டும் என்பதை அந்தக் குமிழ் முடிவு செய்யும். இது இல்லாமலும் அளவை மாற்றலாம். ஆனால் மெனுவுக்குள் போய், கீயைத் தேர்ந்தெடுத்து, மேலும் கீழுமாக அழுத்த வேண்டும். நேரலையில் அதற்கு நேரம் கிடையாது. அக்னி தீர்த்தத்தில் கடலுக்கு அருகே நிற்கும் கேமராவின் ஹெட்செட்டில் காற்றும் அலையும் சேர்ந்து இரைந்துகொண்டே இருக்கும், ஆடிக்காற்று வேறு. ரத வீதியில் நிற்பவரோ அடங்கிய குரலில் பேசுவார். எல்லாரும் ஒரே அளவில் வந்தால் இரைச்சல்தான் காதை நிறைக்கும், தேவையான குரல் அமுங்கிப்போகும். குமிழ்கள் கைக்குக் கீழே இருப்பதால் கடற்கரைக் கேமராவைக் கொஞ்சம் இறக்கி, அவர் கூப்பிடும்போது மட்டும் ஏற்றிக்கொள்கிறேன். கண் மானிட்டரை விட்டு நகர வேண்டியதில்லை. இரவு முழுக்க நீளும் ஆருத்ரா தரிசன நேரலை முடிந்தும் காது வலிக்காமல் வீடு திரும்புவதற்கு இந்த ஒரு பேனல்தான் காரணம்.

ரிலே பேனல் பார்க்கச் சாதாரணம், ஆனால் எங்கள் நிகழ்ச்சிகளுக்கு இது இல்லாமல் இனி முடியாது. கீயை அழுத்தினால் ஒரு ரிலே, அதாவது மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்ச், மூடி இணைப்புக் கொடுக்கும், அவ்வளவுதான் அதன் வேலை. சந்தனக்கூடு ஊர்வலம் கிட்டே வரும்போது மேளச் சத்தத்தில் ஹெட்செட் போட்டிருப்பவருக்கும் ஒன்றும் கேட்காது. முன்பெல்லாம் ஊர்வலம் கடந்த பிறகு, "அண்ணே, நீங்க கூப்பிட்டதே கேக்கல" என்பார்கள். இப்போது கேமராவின் வ்யூஃபைண்டருக்குப் பக்கத்தில் 12 வோல்ட் எல்இடி விளக்கு ஒன்று இருக்கிறது. நான் கூப்பிட்டால் எரியும், அவர் ஹெட்செட்டைக் காதோடு அழுத்திக்கொண்டு கவனிப்பார். ரிலேயில் வீட்டு மின்சார விளக்கை நேரடியாக மாட்டிவிடாதீர்கள், குறைந்த வோல்டேஜ் மட்டும்தான் கொடுக்க வேண்டும்.

இன்னொரு ரிலேயை வாக்கிடாக்கியின் பேசும் பொத்தானுக்கு இணைத்திருக்கிறோம். உரிமம் இல்லாமல் வைத்துக்கொள்ளக்கூடிய 446 மெகாஹெர்ட்ஸ் வகைதான். பேனலில் கீயை அழுத்தினால் வாக்கிடாக்கி தானாகவே பேசும் நிலைக்குப் போகிறது. ஜெனரேட்டர் ஆளும் வண்டி ஓட்டுபவரும் இதில்தான் வருகிறார்கள். ரிலே மூடி அலைவரிசை கிளம்ப ஒரு கணம் பிடிப்பதால் முதல் அசை வெட்டுப்படும். "தம்பி" என்று ஒரு சொல்லை முதலில் விட்டுவிட்டு விஷயத்துக்குப் போவது எங்கள் எல்லாருக்கும் பழக்கமாகிவிட்டது.

கட்டமைப்பில் ஒன்றை மறக்காதீர்கள். ஒரு கீயைச் சட்டென்று தட்டி விட்டால் பேசும் வழி திறந்தபடியே நின்றுவிடும், அழுத்திப் பிடித்தால் மட்டும் கை எடுத்ததும் மூடும். கேமராக்காரர்களுக்கு முதல் வகை வசதி. வர்ணனையாளரின் காதுக்குப் போகும் கீக்கு அந்த வசதியை மென்பொருளில் நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால், பாவம், அவர் பேசிக்கொண்டிருக்கும்போது நாம் கேமராவுக்குச் சொல்வதெல்லாம் அவர் காதில் விழுந்துகொண்டே இருக்கும்.

வாடகைக்கு எடுக்கும் பெல்ட்பேக்குகளில் (ஹெட்செட்டைச் செருகி இடுப்பில் மாட்டும் பெட்டிகளில்) கவனம் வேண்டும். கிளியர்காம், ஆர்டிஎஸ் என்ற இரண்டு நிறுவனங்களின் முறைகள் வேறு வேறு. கிளியர்காம் முறையில் எக்ஸ்எல்ஆர் என்ற மூன்று பின் செருகியின் இரண்டாவது பின்னில் மின்சாரமும் மூன்றாவதில் ஒலியும் போகும். ஆர்டிஎஸ்ஸின் இரண்டு சேனல் முறையில் இரண்டாவது பின்னிலேயே மின்சாரத்தோடு முதல் சேனல் ஒலியும் சேர்ந்து வரும், மூன்றாவதில் இரண்டாம் சேனல். செருகி ஒன்றுதான், எதிலும் பொருந்திவிடும். வேலைதான் செய்யாது. கிளியர்காம் வகை லைனில் முதல் பின்னைச் செருகியின் உலோக உறையோடு சேர்க்கக் கூடாது. ஈரமான பந்தல் கம்பியில் உறை பட்டால் "உம்" என்ற இரைச்சல் மொத்த லைனிலும் வந்துவிடும். லைனை மேட்ரிக்ஸோடு சேர்க்கும் இடைமுகத்தில் நம் குரலே திரும்பி வருவதைக் குறைக்க ஒரு சரிசெய்தல் இருக்கிறது. கேபிள் நீளம் மாறும் ஒவ்வோர் ஊரிலும் அதைப் புதிதாகச் செய்தால்தான் ஒலி தெளிவாக இருக்கும்.

இந்தக் கரையில் எலக்ட்ரானிக்ஸுக்கு உண்மையான எதிரி உப்பு. பாம்பன் ரயில் பாலத்தைத் துரு தின்றதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாங்கள். 1914இல் திறந்த அந்தப் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள், 2025 ஏப்ரலில் புதிய பாலம் வந்தது. பேனல்களின் உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டுகளுக்கு இதுவரை ஒன்றும் ஆகவில்லை. கெட்டுப்போவது ஓரங்கள்தான்: ரேக் திருகுகள், கூண்டு நட்டுகள், ரிப்பன் கேபிளின் முனை, பேனலின் முகவரி எண்ணை வைக்கும் குட்டி ஸ்விட்சுகள். திருகுகளை 316 வகை எவர்சில்வருக்கு மாற்றினோம், அதன்பின் துரு இல்லை. நிகழ்ச்சி முடிந்ததும் ரிப்பனைக் கழற்றி, காண்டாக்ட் கிளீனர் அடித்து, காய்ந்த பிறகு செருகுகிறோம். ரேக் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பைகள் எப்போதும் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் அவற்றை அடிக்கடி மாற்ற வேண்டும்.

குறை என்றால் ஒன்று. எங்கள் பேனலின் பெயர்த் திரையில் தமிழ் வராது, ஆங்கில எழுத்திலேயே சுருக்கி எழுத வேண்டும். அதனால் ஒவ்வொரு ஊருக்கும் தனித்தனி செட்டப் ஃபைல் சேமித்து, அந்தப் பெயர்களைத் தமிழில் அச்சிட்டு ரேக் கதவின் உட்புறம் ஒட்டிவிடுகிறோம். புதிதாக வரும் பையன்கள் அதைப் பார்த்தே கீயைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். புதிதாக வாங்குகிறவர்கள் ரேக்கில் இன்னொரு ஒலி அளவுப் பேனலுக்கு இப்போதே ஒரு யூனிட் இடம் விட்டு வையுங்கள். கூடுதல் கீ பேனலைப் பூட்டினால் அந்தக் கீகளுக்கும் குமிழ்கள் தேவைப்படும்.