ஒன்டிரைவை நிறுத்த நாலு வழி: கல்யாணப் பத்திரிகைக் கடை கணினிக்கு எது தோது?

மதுரை சிம்மக்கல் பக்கம் பத்திரிகை வடிவமைக்கும் எந்த டிடிபி கடைக் கணினியைத் திறந்தாலும் டெஸ்க்டாப் நிரம்பி வழியும். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, "ஃபைனல்", "ஃபைனல் 2" எல்லாம் அங்கேதான். மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவில் பேக்கப் ஆன் ஆகியிருந்தால் அந்த டெஸ்க்டாப்பே அதன் ஃபோல்டருக்குள் போயிருக்கும். இலவச இடம் 5 ஜிபி. ஃப்ளெக்ஸ் பேனரின் ஃபோட்டோஷாப் ஃபைல் (பிஎஸ்டி) கொஞ்சம் ஏறினாலே நிரம்பிவிடும். பிறகு ஓயாத நச்சரிப்பு.

டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப்பை டிசேபிள் செய்வது சுலபம், ஆனால் பேருக்குத்தான். டெஸ்க்டாப் ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள்ளேயேதான் இருக்கும். யாராவது ஒன்டிரைவைத் திறந்தால் மறுபடி ஏற்றத் தொடங்கும்.

நேராக அன்இன்ஸ்டால் செய்கிறவர்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள். நீல மேகம் போட்ட ஃபைல் பெயரளவுக்குத்தான் கணினியில் இருக்கிறது, உள்ளடக்கம் இணையத்தில். ஒன்டிரைவ் போனபின் அது திறக்காது.

அன்லிங்க், அதாவது இந்தக் கணினியை ஒன்டிரைவ் கணக்கிலிருந்து பிரிப்பது, நல்ல வழி, வரிசை தப்பாத வரை. முதலில் ஒன்டிரைவ் ஃபோல்டரில் ரைட் கிளிக், "ஆல்வேஸ் கீப் ஆன் திஸ் டிவைஸ்". எல்லாவற்றிலும் முழுப் பச்சை வட்டம் விழும்வரை பொறுங்கள். அடுத்து ஒன்டிரைவ் செட்டிங்ஸில் சிங்க் அண்ட் பேக்கப், மேனேஜ் பேக்கப் போய் ஆன் ஆகியிருக்கும் எல்லா ஃபோல்டர்களையும் ஆஃப் செய்யுங்கள். டெஸ்க்டாப் காலியாகத் தெரிந்தால் பதற வேண்டாம், ஃபைல்கள் ஒன்டிரைவுக்குள் இருக்கும் டெஸ்க்டாப் ஃபோல்டரில்தான் இருக்கும். அதன்பின் அக்கவுண்ட் பகுதியில் "அன்லிங்க் திஸ் பிசி". ஃபைல்களைக் கணினியின் டெஸ்க்டாப்புக்கு நகர்த்துவது அதற்கும் பிறகுதான். முன்னாடியே நகர்த்தினால் இணையத்தில் இருக்கும் பிரதியும் ரீசைக்கிள் பின்னுக்குப் போய், 30 நாளில் அழிந்துவிடும்.

நாலாவது, கணினி முழுவதற்கும் விதி போடும் குரூப் பாலிசி. விண்டோஸ் ப்ரோவில் உண்டு, விண்டோஸ் ஹோமில் இல்லை. கம்ப்யூட்டர் கான்ஃபிகரேஷன், அட்மினிஸ்ட்ரேட்டிவ் டெம்ப்ளேட்ஸ், விண்டோஸ் காம்போனென்ட்ஸ், ஒன்டிரைவ் என்று போய் "ப்ரிவென்ட் தி யூசேஜ்" என்று தொடங்கும் வரியை "எனேபிள்ட்" ஆக்க வேண்டும். தடுப்பதற்கே எனேபிள்! இங்கே "டிசேபிள்ட்" கொடுத்துவிட்டுத் திட்டுகிறவர்கள் உண்டு.

ஆள் மாறி ஆள் லாகின் செய்யும் ப்ரௌசிங் சென்டருக்குப் பாலிசிதான் சரி. புதிதாக ஒரு யூசர் கணக்கு திறந்தாலும் ஒன்டிரைவ் தலைகாட்டாது. ஒருத்தர் மட்டும் உட்காரும் கடைக்கு அன்லிங்க் செய்து, பிறகு அன்இன்ஸ்டால் போதும். எதுவானாலும் முகூர்த்த நாள் நெருக்கத்தில் கை வைக்காதீர்கள். ஃபைல் இடம் மாறியதும் பத்திரிகை வடிவமைக்கும் பேஜ்மேக்கர் மென்பொருள் பழைய பாதையில் படத்தைத் தேடும். ஒவ்வொரு பத்திரிகைக்கும் பிள்ளையார் படத்தை மறுபடி லிங்க் செய்ய வேண்டியிருக்கும்.