எட்டு மாதமாக என் தொழுவத்தில் இருக்கும் நான்கு கிண்ணத் தட்டு

எங்கள் செவலைப் பசுவின் மடி வீங்கவில்லை, தொட்டால் சுடவில்லை, பாலில் திரியும் வரவில்லை. வேளைக்கு அரை லிட்டர் குறைந்திருந்தது, அவ்வளவுதான். தீவனக் கோளாறு என்று நினைத்துத் தீவனத்தை மாற்றி மூன்று வாரம் வீணாக்கினேன். அப்புறம்தான் சி.எம்.டி. கிட் வாங்கினேன். கலிஃபோர்னியா மாஸ்டைடிஸ் டெஸ்ட் என்பதன் சுருக்கம் அது; வெளியே தெரியாத மடிநோயைப் பாலை வைத்தே காட்டிக்கொடுக்கும் சோதனை.

வெள்ளை பிளாஸ்டிக் தட்டு ஒன்று, ஊதா நிற மருந்து ஒரு பாட்டில். பெட்டியில் இவ்வளவே. முறை 1957-லேயே வெளியானது, இன்னும் பழசாகவில்லை. முதல் பீச்சைத் தனியாக ஒதுக்கிவிட்டு, காம்புக்கு ஒரு கிண்ணமாகப் பால் பிடிக்க வேண்டும். தட்டைச் சாய்த்துக் கோடு வரை வைத்துக்கொண்டால் 2 மில்லி நிற்கும். அதே அளவு மருந்து ஊற்றி, தட்டை வட்டமாகச் சுழற்ற வேண்டும்.

மூன்று கிண்ணங்களில் பால் தண்ணீராக ஓடியது. வலது பின்காம்புக் கிண்ணத்தில் மட்டும் நடுவில் கூழ் திரண்டு மேடு கட்டியது. சாய்த்தபோது முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி மொத்தமாக வழுக்கி விழுந்தது. கறந்த பாத்திரத்தில் பார்த்தால் அதே பால் வெள்ளைவெளேர் என்று இருந்தது. அதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

மடிக்குள் கிருமி புகுந்தால் அதை எதிர்க்க வெள்ளையணுக்கள் பாலில் கூடுகின்றன. தட்டில் ஊற்றும் ஊதா மருந்து அவற்றை உடைத்து, உள்ளே இருக்கும் டி.என்.ஏ.வை வெளியே விடுகிறது. கூழாகத் திரள்வது அதுதான். நல்ல மடியில் மில்லிக்கு 2 லட்சத்துக்கும் குறைவாகத்தான் அணுக்கள் இருக்கும், அதனால் பால் கெட்டிப்படாது.

எந்தக் கிருமி என்று இந்தத் தட்டு சொல்லாது. கால்நடை மருத்துவர் பால் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பியதில் ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்று வந்தது. கறப்பவர் கை வழியாகவே ஒரு பசுவிடமிருந்து இன்னொன்றுக்குப் பரவும் கிருமி அது. நானோ தினமும் செவலையை முதலில் கறந்துவிட்டு, அதே கையோடு மற்ற நான்கு பசுக்களிடமும் போயிருக்கிறேன். அன்றிரவு தூக்கமே வரவில்லை. மறுநாள் நான்கையும் சோதித்தேன். எதிலும் கூழ் இல்லை. இப்போது செவலையைக் கடைசியில்தான் கறக்கிறேன். கறந்து முடித்ததும் எல்லாக் காம்புகளையும் அயோடின் கரைசலில் முக்குகிறேன்.

குறைகளும் உண்டு. லேசான கெட்டிப்பைச் சுழற்றும்போதே பார்த்துவிட வேண்டும், சில நொடி பிந்தினால் மறைந்துவிடும். முதல் மாதம் நான் இரண்டு முறை அப்படித் தவறவிட்டேன். ஈன்ற முதல் சில நாளும், பால் வற்றப்போகும் கடைசி நாட்களிலும் நல்ல மடிகூடக் கூழ் காட்டலாம், அதை நம்பி ஊசி போடக் கூடாது. கூடவே வந்த தாளில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை, இது பெரிய தவறு. தட்டின் கைப்பிடி மெலிசு, ஈரக் கையில் வழுக்குகிறது.

ஆனாலும் மாடு வைத்திருக்கும் எல்லாரும் இதை வாங்கலாம் என்பேன். மாதம் ஒருமுறை ஐந்து பசுக்களையும் பார்க்க எனக்குக் கால் மணி நேரம்தான் ஆகிறது.

இந்தக் கிருமி கறவையில் இருக்கும்போது எளிதில் போகாது என்பதால், மருத்துவர் செவலைக்குப் பால் வற்றவிட்ட நாளில் நான்கு காம்பிலும் மருந்து ஏற்றினார். அடுத்த மாதம் ஈனும். சீம்பால் நின்று ஒரு வாரம் போகட்டும், வலது பின்காம்புப் பாலை அந்தத் தட்டில் பிடித்துப் பார்க்கக் காத்திருக்கிறேன்.