விதியை மதிக்கும் கடத்தல்காரன்: சூது கவ்வும், ஒரு மறுபார்வை

காமெடி த்ரில்லர் என்று வரும் படங்களில் பெரும்பாலானவை முதல் பாதியைச் சிரிப்புக்கும் இரண்டாம் பாதியைத் துரத்தலுக்கும் பங்கு பிரித்துக் கொடுத்துவிடும். இடைவேளை வரை நண்பர்கள் கூத்தடிப்பார்கள். அதன்பிறகு யாரோ சாவார்கள், பின்னணி இசை கனத்துவிடும், சிரிக்க வைத்தவர்கள் ஓரமாகப் போய்விடுவார்கள். சூது கவ்வும் இப்படிப் பிரிக்கவில்லை. எந்தக் காரியம் சிரிக்க வைக்கிறதோ, அதே காரியம்தான் மாட்டிக்கொள்வார்களோ என்று பதறவும் வைக்கிறது. 2013 மே 1 அன்று வந்த படம் இன்னும் பேசப்படுவதற்கு இதுதான் காரணம் என்பேன். (கதை தெரியாதவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். கீழே முடிவு வரை பேச வேண்டியிருக்கிறது.)

இயக்குநர் நலன் குமரசாமிக்கு இது முதல் படம். கலைஞர் தொலைக்காட்சியின் நாளைய இயக்குனர் நிகழ்ச்சியில் குறும்படம் எடுத்துப் பழகியவர். ஒரே யோசனை, சில நிமிடம், கடைசியில் ஒரு திருப்பம் என்ற அந்தக் கட்டுப்பாடு இந்தப் படத்தின் தொடக்கத்தில் நன்றாகத் தெரிகிறது. நயன்தாராவுக்குக் கோயில் கட்டி ஊரை விட்டுத் துரத்தப்பட்ட பகலவன், வாடிக்கையாளரின் காரை ஆசைப்பட்டு ஓட்டியதால் ஹோட்டல் வேலையை இழந்த சேகர், ஐ.டி. வேலை பறிபோன கேசவன் ஆகிய மூவரின் முன்கதையும் தனித்தனிக் குறும்படம்போல வந்து முடிகிறது. ஒவ்வொன்றிலும் நமக்குத் தேவையானது ஒன்றுதான்: இவனுக்கு இழக்க இனி எதுவும் இல்லை. அது கிடைத்த உடனே வெட்டிவிடுகிறார்கள். படத்தொகுப்பு லியோ ஜான் பால், ஒளிப்பதிவு தினேஷ் கிருஷ்ணன்.

தயாரித்தவர் சி.வி.குமார். அதற்கு முந்தைய ஆண்டு அட்டகத்தி, பீட்சா இரண்டையும் தயாரித்தவர். இரண்டுக்கும் இசையமைத்த சந்தோஷ் நாராயணன்தான் இதற்கும் இசை. விஜய் சேதுபதி, பாபி சிம்ஹா, கருணாகரன் மூவரும் பீட்சாவில் நடித்தவர்கள். ஆக, ஏற்கெனவே சேர்ந்து வேலை பார்த்த கூட்டம். கும்பல் காமெடிக்கு இது பெரிய பலம். ஒருவர் வசனத்தை முடித்ததும் அடுத்தவர் எவ்வளவு நேரம் சும்மா இருக்க வேண்டும் என்பதுதான் இந்த வகைப் படத்தின் உயிர். பழகாதவர்களை வைத்து இந்த இடைவெளியைச் சரியாகப் பிடிப்பது கஷ்டம்.

இனி கதையின் எஞ்சினுக்கு வருவோம். தாஸ் (விஜய் சேதுபதி) சிறிய அளவில் ஆள் கடத்துகிறவர். முன்கதையில் பார்த்த மூவரும் இவரோடு சேர்ந்துகொள்கிறார்கள். அதற்கு ஐந்து விதி வைத்திருக்கிறார். அதிகாரத்தில் இருப்பவர்கள் வீட்டுப் பிள்ளைமேல் கைவைக்கக் கூடாது என்பது அதில் தலையாயது. கேட்கிற தொகையும் எதிராளி புரட்டித் தரக்கூடியதாக இருக்க வேண்டும். இதை வெறும் ஜோக்காக எழுதியிருந்தால் ஒரு காட்சியோடு முடிந்திருக்கும். தாஸ் இதைத் தொழில் தர்மமாகவே சொல்கிறார், விஜய் சேதுபதியும் துளிகூடக் கண்ணடிக்காமல் சொல்கிறார். கேட்கும்போது நாம் சிரிக்கிறோம். ஆனால் அந்த நேரத்திலேயே எதைச் செய்தால் இவர்களுக்கு ஆபத்து என்ற பட்டியலும் நம் தலைக்குள் ஏறிவிடுகிறது. பிறகு, லஞ்சம் வாங்காத அமைச்சர் ஞானோதயத்தின் மகனைக் கடத்தச் சொல்லி ஒருவர் வரும்போது, தனியாக யாரும் எச்சரிக்க வேண்டியதில்லை. முதல் விதி உடையப் போகிறது, அவ்வளவுதான். த்ரில்லருக்கான விளக்கத்தை ஜோக்கிலேயே ஏற்றிவிட்ட இந்தச் சாமர்த்தியம்தான் திரைக்கதையின் அஸ்திவாரம். இதைப் பார்த்து எழுதப்படும் கதைகள் பலவும் சறுக்குவது இங்கேதான். கிறுக்குத்தனமான ஆட்களைக் கொண்டுவருவார்கள், அந்தக் கிறுக்குக்குள் ஓர் ஒழுங்கு இருக்காது. ஒழுங்கு இல்லையென்றால் எது தப்பு என்று பார்ப்பவருக்குத் தெரியாது, தப்பு நடந்தாலும் பதறத் தோன்றாது.

அடுத்த அடுக்கு, அமைச்சர் மகன் அருமைப் பிரகாசம். கடத்தப்பட வேண்டியவனே அப்பாவிடம் பணம் பறிக்கத் தன் கடத்தலைத் தானே ஏற்பாடு செய்திருக்கிறான். இவர்கள் போய்ச் சேரும்போது அவனை வேறு கும்பல் தூக்கிக்கொண்டிருக்கிறது. பிறகு இவர்கள் கையில் வந்ததும் பங்கு பேசுகிறான். கடத்தியவர்களைவிடக் கடத்தப்பட்டவன் விவரமானவன் என்று தெரிந்த கணத்தில் தாஸின் விதிகள் எல்லாம் செல்லாக்காசாகின்றன. கருணாகரன் இந்த வேடத்தில் குரலைக்கூட உயர்த்துவதில்லை. நல்ல வீட்டுப் பிள்ளையின் பணிவு முகத்தில் அப்படியே இருக்க, கணக்கு மட்டும் உள்ளே ஓடுகிறது. படத்திலேயே நேர்த்தியான நடிப்பு இவருடையதுதான். எதிரே அப்பா ஞானோதயமாக எம்.எஸ்.பாஸ்கர், நேர்மையை ஒரு பிடிவாதமாகவே நடித்திருக்கிறார்.

ஷாலுவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சஞ்சிதா ஷெட்டி நடித்த இந்தப் பெண் தாஸின் கண்ணுக்கு மட்டும் தெரிகிறவள். வழக்கமான கதாநாயகிக்குரிய கவர்ச்சி உடை, சிணுங்கல், கோபம் எல்லாம் உண்டு, ஆள்தான் இல்லை. மற்ற மூவரும் அதைப் பெரிதுபடுத்தாமல் சும்மா அனுசரித்துப் போகிறார்கள். அவள் சாகும்போது தாஸ் உண்மையாகவே உடைந்துபோகிறார். இல்லாத ஒருத்தியின் சாவுக்கு அரங்கம் ஒரு நொடி அடங்கிப்போகிறதென்றால், அதுவரை அந்த ஜோக்கை யாரும் கேலியாக நடிக்காததுதான் காரணம். நரைத்த தாடியும் வயதான உடல்மொழியுமாக இதைச் செய்தபோது விஜய் சேதுபதிக்கு 35 வயது.

குறைகளும் உண்டு. கேசவனின் அலுவலக முன்கதையில் வரும் பெண்ணை அவனுடைய வேலை போவதற்கான ஒரு சாக்காக மட்டும் எழுதியிருக்கிறார்கள். மற்ற இருவரின் கதையில் இருக்கும் புதுமை அதில் இல்லை, இன்று பார்த்தால் நெருடுகிறது. பணயத்தொகையை ரிமோட்டில் ஓடும் பொம்மை ஹெலிகாப்டரில் தூக்கிச்செல்லும் காட்சி பார்க்க அழகுதான், ஆனால் எடைக்கணக்கு உதைக்கிறது. அப்போது புழக்கத்தில் இருந்த ஆயிரம் ரூபாய்த் தாளில் ஒரு கோடி என்றாலே 10,000 தாள். தாளுக்கு ஒரு கிராமுக்குக் குறையாது, ஆக 10 கிலோவைத் தாண்டும். பொம்மை அதைத் தூக்காது. இவ்வளவு துல்லியமாக விதி வகுத்த படம் இந்த இடத்தில் கையை வீசிவிட்டது. இருந்தும் பெரும்பாலோர் மன்னித்துவிடுகிறார்கள், தாஸின் திட்டம் ஒன்று முதல்முறையாகச் சரியாக நடக்கிறது என்ற சந்தோஷம் அந்தக் கணக்கைக் கேட்க விடாது.

யோக் ஜேப்பியின் இன்ஸ்பெக்டர் பிரம்மா வந்த பிறகு அடி நிஜமாகவே வலிக்கிறது. இது படத்தின் தொனியைக் கெடுத்துவிட்டது என்பவர்கள் உண்டு. எனக்கு அது சரியாகவே படுகிறது. பேசாத, சிரிக்காத ஒருவன் உள்ளே வந்தால்தான் இந்தக் கும்பல் எவ்வளவு அமெச்சூர் என்று புரியும். அவனுடைய முடிவும் அவன் துப்பாக்கியாலேயே வருவதால் சிரிப்பும் வன்முறையும் மறுபடி ஒரே புள்ளியில் சேர்ந்துவிடுகின்றன.

தர்மத்தின் வாழ்வைச் சூது கவ்வும், தர்மம் மறுபடி வெல்லும் என்பது பாரதியின் பாஞ்சாலி சபதம். படத்தலைப்பு அதில் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டது. கதையும் அங்கேயே நிற்கிறது. ராதாரவி நடித்த முதல்வர் நேர்மையான அப்பாவை ஓரங்கட்டிவிட்டு மகனுக்குத் தேர்தலில் நிற்க சீட்டுக் கொடுக்கிறார். கெட்டவர்களை ஜெயிக்க வைக்கிறது என்று படத்தின்மேல் வந்த குற்றச்சாட்டுக்கு ஒரே பதில் ஞானோதயத்தின் முகம்தான். தோற்றுப்போன அந்த மனிதரைப் படம் ஓரிடத்திலும் கேலி செய்யவில்லை.

அதே நாளில் சிவகார்த்திகேயனின் எதிர்நீச்சலும் வெளியாகி, இரண்டு படமுமே ஓடின. கானா பாலா பாடிய காசு பணம் பாட்டும் அதில் கருணாகரன் ஆடிய ஆட்டமும் படத்தைப் பார்க்காதவர்களிடமும் போய்ச் சேர்ந்தன. 2015-ல் ராஜசேகர் நடிக்க கட்டம் கேங் என்று தெலுங்குக்குப் போனது. 2024 டிசம்பரில் எஸ்.ஜே.அர்ஜுன் இயக்கத்தில் சிவா நடித்த இரண்டாம் பாகம் வந்தது. கருணாகரனும் எம்.எஸ்.பாஸ்கரும் அதிலும் இருந்தார்கள், ஆனால் முதல் பாகத்துக்குக் கிடைத்த வரவேற்பு அதற்குக் கிடைக்கவில்லை.

மறுமுறை பார்க்கிறவர்கள் ஷாலு வரும் காட்சிகளில் அவளைப் பார்க்காதீர்கள். பக்கத்தில் இருக்கும் சேகர், பகலவன், கேசவன் மூவரின் கண் எங்கே போகிறது என்று பாருங்கள். ரமேஷ் திலக், பாபி சிம்ஹா, அசோக் செல்வன் மூவரும் வசனமே இல்லாமல் எவ்வளவு வேலை பார்த்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் தெரியும்.