வேர்டா, லேடெக்கா: ஆய்விதழுக்கு அனுப்பும் கட்டுரையை எதில் எழுதுவது?

ஆய்வு முடிந்து, முடிவுகள் கைக்கு வந்து, எந்த ஆய்விதழுக்கு அனுப்புவது என்பதும் ஏறத்தாழத் தீர்மானமான பிறகுதான் பல ஆய்வு மாணவர்கள் ‘கட்டுரையை வேர்டில் எழுதுவதா, லேடெக்கில் எழுதுவதா’ என்று கேட்கிறார்கள். அதற்குள் பாதிக் கட்டுரை ஏதோ ஒன்றில் எழுதப்பட்டிருக்கும். நெறியாளர் ஒரு சுற்றுத் திருத்தமும் செய்திருப்பார். இந்தக் கேள்விக்கு வழக்கமாகக் கிடைக்கும் விடை, எதில் பக்கம் அழகாக வரும் என்பதைப் பற்றியதாகவே இருக்கிறது. என் கருத்தில் அது பார்க்க வேண்டிய இடமே அல்ல. கட்டுரையை யார் யார் எத்தனை முறை திருத்தப்போகிறார்கள், அதில் சமன்பாடுகள் எவ்வளவு என்ற இரண்டையும் வைத்தே கருவியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இரண்டும் வெவ்வேறு நோக்கத்தில் பிறந்தவை. டொனால்ட் நூத் 1977இல் தமது கணினி நிரலாக்க நூலின் இரண்டாம் தொகுதிக்கான புதிய பதிப்பின் அச்சுப்படிகளைப் பார்த்து, கணிதக் குறியீடுகள் சிதைந்து வந்திருந்த விதத்தில் மனம் வெறுத்துத் தாமே உருவாக்கத் தொடங்கிய அச்சுக்கோப்பு மென்பொருள்தான் டெக். அதன்மேல் எளிய கட்டளைகளை அடுக்கி 1980களில் லெஸ்லி லாம்போர்ட் உருவாக்கியது லேடெக். 1983இல் வெளிவந்த மைக்ரோசாஃப்ட் வேர்டு அலுவலகக் கடிதங்களுக்கும் அறிக்கைகளுக்கும் உரியதாக வளர்ந்தது. வேர்டில் தட்டச்சு செய்யும்போதே பக்கம் கண்ணுக்குத் தெரிகிறது. லேடெக்கிலோ எது தலைப்பு, எது சமன்பாடு, எது மேற்கோள் என்று குறியிட்டு எழுதி, பிறகு கம்பைல் செய்துதான், அதாவது அந்தக் குறிகளை மென்பொருளைக் கொண்டு பக்கமாக மாற்றித்தான், அதைப் பார்க்க முடியும்.

சமன்பாடுகள் நிறைந்த கட்டுரை என்றால் லேடெக்கின் கையே ஓங்கியிருக்கிறது. இதில் வாதத்துக்கு அதிக இடமில்லை. வேர்டில் 2007 முதல் இருக்கும் சமன்பாட்டுக் கருவி நன்றாகவே உழைக்கிறது என்பதும், அண்மைப் பதிப்புகள் லேடெக் குறியீட்டையே ஏற்றுக்கொள்கின்றன என்பதும் உண்மைதான். ஆனால் கட்டுரையின் நடுவில் ஒரு சமன்பாட்டைப் புதிதாகச் சேர்க்கும்போது அதற்குப் பின்வரும் எண்கள் எல்லாம், அவற்றைச் சுட்டும் வாக்கியங்கள் உட்பட, தாமாக மாறுவது லேடெக்கில் இயல்பு. வேர்டில் அதைச் செய்ய முடியும் என்றாலும், அதற்கான குறுக்குச் சுட்டு வசதியைப் பொறுமையாக அமைத்துக்கொண்டவர்கள் மிகச் சிலர். பெரும்பாலோர் எண்களைக் கையால் தட்டிவிட்டு, மதிப்பீட்டாளர் ‘சமன்பாடு 7 எங்கே இருக்கிறது’ என்று கேட்கும்போது விழிக்கிறார்கள். பழைய கோப்புகளுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. பாதுகாப்புக் குறைபாடு காரணமாக, சமன்பாட்டுக் கருவியின் பழைய 3.0 பதிப்பை மைக்ரோசாஃப்ட் 2018 ஜனவரியில் நீக்கிவிட்டது. அதனால் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் எழுதிய கட்டுரையிலிருந்து சமன்பாட்டை எடுத்து வந்தால் அது திரையில் தெரியும். வேர்டில் அப்படியே திருத்த மட்டும் முடியாது.

சமன்பாடு குறைந்த கட்டுரையில் நிலைமை வேறு. 2014இல் பிளாஸ் ஒன் ஆய்விதழில் வெளிவந்த ஓர் ஒப்பீட்டு ஆய்வில், க்னாஃப், நெயாஸ்மிச் என்ற இரு ஆய்வாளர்கள் 40 பேரைப் புதியவர், தேர்ந்தவர் எனப் பிரித்து இரு கருவிகளிலும் ஒரே பக்கங்களைத் தட்டச்சு செய்யச் சொன்னார்கள். தொடர் உரையிலும் அட்டவணைகளிலும் வேர்டுக்காரர்களே குறைந்த பிழையோடு அதிகமாக எழுதினார்கள். சமன்பாடுகள் நிறைந்த பக்கத்தில் மட்டும் லேடெக் முந்தியது. ஆனால் தங்கள் கருவியோடு மகிழ்ச்சியாக இருப்பதாகச் சொன்னவர்கள் லேடெக்காரர்கள்தாம். இந்த ஆய்வை லேடெக் அன்பர்கள் கடுமையாகக் குறை கூறினார்கள். ஏற்கெனவே அச்சான பக்கத்தை அரைமணி நேரத்துக்குள் நகலெடுப்பது கட்டுரை எழுதுவது ஆகாது என்பது அவர்கள் வாதம். அந்த வாதம் நியாயமானதே. ஆயினும் ‘லேடெக்கில் எழுதினால் வேகமாக முடிந்துவிடும்’ என்று முதலாண்டு மாணவரிடம் உறுதி சொல்லும் துணிச்சல் அதைப் படித்தபின் எனக்கு இல்லை.

இரு கருவிகளும் தவறும் விதம் வேறு வேறு. வேர்டு பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும்படி தவறுகிறது: படம் ஒரு பக்கம் தாவி ஓடும், அட்டவணை இரண்டாகப் பிளக்கும், குறுக்குச் சுட்டு அறுந்த இடத்தில் தடித்த எழுத்தில் ‘எரர்’ என்று வந்து நிற்கும். லேடெக் சில பிழைகளுக்குக் கம்பைல் ஆகவே மறுக்கும். சுட்டு அறுந்த இடத்தில் இரண்டு கேள்விக்குறிகளைப் போடும். ஆனால் சில பிழைகளை ஓசையின்றி விழுங்கிவிடும். லேடெக்கில் விழுக்காட்டுக் குறி என்பது ‘இதற்குமேல் இந்த வரியில் உள்ளது ஆசிரியரின் சொந்தக் குறிப்பு’ என்று பொருள்படும். ‘மாதிரிகளில் 45% நச்சுத்தன்மை கொண்டவை, எஞ்சியவை அல்ல’ என்று ஒரே வரியில் எழுதி, அந்தக் குறிக்கு முன் பின்சாய்கோடு போட மறந்தால், அச்சில் ‘மாதிரிகளில் 45’ என்பதோடு அந்த வரி முடிந்து, அடுத்த வரியின் சொல் அதனோடு ஒட்டிக்கொள்ளும். எந்த எச்சரிக்கையும் வராது. ஒரு மாணவரின் கட்டுரையில் இப்படிக் காணாமற்போன அரை வாக்கியம் மூன்று பேர் கண்ணுக்குத் தப்பியதை நான் பார்த்திருக்கிறேன். அந்த மூவரில் நானும் ஒருவன்.

இனி, உண்மையில் தலைவலி தரும் இடத்துக்கு வருவோம். கட்டுரையை மாணவர் ஒருமுறை எழுதுகிறார். நெறியாளர், கூட்டாசிரியர்கள், மொழி திருத்துபவர் எனப் பல கைகள் பல முறை திருத்துகின்றன. மதிப்பீட்டாளர்களின் கருத்து வந்தபின் இதே சுற்று மறுபடியும் நடக்கிறது. இந்த வேலையில் வேர்டின் ‘டிராக் சேஞ்சஸ்’ வசதிக்கு ஈடாக மற்றொன்றை நான் கண்டதில்லை. யார் எந்தச் சொல்லை நீக்கினார், எதைச் சேர்த்தார், ஓரத்தில் என்ன கேட்டார் என்பது எல்லாம் ஒரே கோப்பில் தெரியும். ஒவ்வொன்றையும் ஏற்கலாம், தள்ளலாம். லேடெக்கில் இதற்கு ஈடாக ‘லேடெக்டிஃப்’ என்ற கருவி இருக்கிறது. பழைய கோப்பையும் புதிய கோப்பையும் கொடுத்தால், நீக்கியதைச் சிவப்பில் அடித்தும் சேர்த்ததை நீலத்தில் அடிக்கோடிட்டும் ஒரு பிடிஎஃப் கிடைக்கும். மதிப்பீட்டாளருக்குத் திருத்தங்களைக் காட்ட அது மிக நேர்த்தியானது. அட்டவணைக்குள் மாற்றங்கள் இருந்தால் சில நேரம் முரண்டு பிடிக்கும். ஆனால் நெறியாளர் தம் கையால் திருத்துவதற்கு அது உதவாது.

எனக்குத் தெரிந்த இயற்பியல் மாணவி ஒருவர் முழுக் கட்டுரையையும் லேடெக்கில் எழுதி நெறியாளருக்கு அனுப்பினார். திறந்து பார்த்தவர் ‘இதில் நான் எங்கேப்பா திருத்துவது?’ என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார். பிறகு பிடிஎஃப்பை அச்செடுத்து, சிவப்புப் பேனாவால் திருத்தி, கைபேசியில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். பதினெட்டுப் படங்கள், அவற்றில் இரண்டு தலைகீழ். அந்தப் படங்களை ஒரு பக்கம் வைத்துக்கொண்டு மாணவி வரி வரியாக மூலக்கோப்பில் திருத்தங்களை ஏற்றிய மூன்று நாள்களும் லேடெக்கின் கணக்கில் எழுதப்பட வேண்டிய செலவுதான். அழகான சமன்பாட்டைப் புகழ்கிறவர்கள் அதைக் கணக்கில் எடுப்பதில்லை.

இணையத்திலேயே லேடெக்கில் கூட்டாக எழுத உதவும் ஓவர்லீஃப் இந்த இடைவெளியைப் பெருமளவு குறைத்திருக்கிறது. மென்பொருளை நிறுவும் தொல்லை இல்லை. ஆய்விதழ்களின் வார்ப்புருக்கள் ஆயத்தமாக இருக்கின்றன. கூட்டாசிரியர்கள் ஒரே நேரத்தில் ஒரே கோப்பில் எழுதலாம். எனினும் திருத்தங்களைத் தடமறியும் வசதி கட்டணக் கணக்குக்கு உரியது. இலவசக் கணக்கில் கூட்டாளிகளின் எண்ணிக்கைக்கும் கம்பைல் நேரத்துக்கும் வரம்பு உண்டு. பெரிய படங்களை அப்படியே ஏற்றி வைத்தால் அந்த வரம்பை விரைவில் தொட்டுவிடுவோம்.

மேற்கோள் பட்டியலைப் பொறுத்தவரை இரண்டுக்கும் இடையிலான தூரம் முன்போல் இல்லை. லேடெக்கின் மேற்கோள் பட்டியல் கருவியான பிப்டெக்கில், ஓர் ஆய்விதழ் மறுத்த கட்டுரையை அடுத்த இதழின் பாணிக்கு மாற்ற ஒரு வரியைத் திருத்தினால் போதும். ஸோட்டெரோ போன்ற இலவச மேற்கோள் மேலாண்மைக் கருவியை வேர்டோடு இணைத்தால் அங்கும் பட்டியலிலிருந்து வேறு பாணியைத் தேர்ந்தெடுப்பதுதான் வேலை. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாணிகள் இருக்கின்றன. இங்கும் அங்கும் கவனிக்க வேண்டிய சங்கதிகள் உண்டு. ஸோட்டெரோ இட்ட மேற்கோள்களைக் கொண்ட வேர்டு கோப்பை ஒரு கூட்டாசிரியர் அப்படியே கூகுள் டாக்ஸில் ஏற்றித் திருத்தித் திருப்பி அனுப்பினால், மேற்கோள்கள் உயிரிழந்து வெறும் எழுத்துகளாகிவிடும். பிப்டெக்கின் பல பாணிகள் கட்டுரைத் தலைப்பில் முதல் எழுத்தைத் தவிர மற்றவற்றைச் சிற்றெழுத்தாக்கிவிடும்; டிஎன்ஏ என்ற சுருக்கத்தைக் கூட விட்டுவைக்காது. அத்தகைய சொற்களை நெளிவு அடைப்புக்குள் இட வேண்டும் என்பதைப் பலரும் கட்டுரை அச்சான பிறகே கற்கிறார்கள்.

ஆசிரியர் பெயர் மறைத்து மதிப்பிடும் இதழ்களுக்கு அனுப்புகிறவர்கள் வேர்டு கோப்பின் பண்புகளில் தங்கள் பெயர் பதிந்திருக்கும் என்பதை மறந்துவிடக்கூடாது. வேர்டிலேயே உள்ள ஆவணப் பரிசோதனை வசதியால் அதை அழித்துவிடலாம். லேடெக்கில் ஆபத்து வேறு திசையிலிருந்து வருகிறது. பால் கின்ஸ்பார்க் 1991இல் தொடங்கிய ஆர்க்கைவ் முன்பதிப்புக் களஞ்சியம் (இதழில் வெளிவரும் முன்பே கட்டுரைகளை வெளியிடும் தளம்), டெக்கில் எழுதிய கட்டுரைகளுக்குப் பிடிஎஃப்பை அல்ல, மூலக்கோப்பையே கேட்கிறது. அந்த மூலக்கோப்பை எவரும் இறக்கிப் பார்க்கலாம். விழுக்காட்டுக் குறிக்குப் பின்னால் ‘இந்த வரைபடம் சரியில்லை, அப்புறம் பார்ப்போம்’ என்று கூட்டாசிரியருக்கு எழுதிய குறிப்பும் அதோடு சேர்ந்தே வெளியாகிவிடும்.

சமர்ப்பிக்கும் தளங்களில் வேர்டுக்குச் சிக்கல் குறைவு. லேடெக்கில் எழுதுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பல பதிப்பகங்கள் பயன்படுத்தும் எடிட்டோரியல் மேனேஜர் தளம் துணைக் கோப்புறைகளை ஏற்பதில்லை. படங்களைத் தனிக் கோப்புறையில் அழகாக அடுக்கி வைத்தவர், கடைசி நாள் இரவு எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் பாதைகளைத் திருத்திக்கொண்டிருப்பார். துறை வழக்கமும் உண்டு. இயற்பியல், கணிதம், கணினியியல் இதழ்கள் லேடெக்கை வரவேற்கின்றன. மருத்துவம், சமூகவியல், வரலாறு ஆகிய துறைகளின் இதழ்கள் பலவும் வேர்டு கோப்பையே எதிர்பார்க்கின்றன.

பக்க அழகைப் பார்க்க வேண்டாம் என்று முதலில் சொன்னதற்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது. கட்டுரை ஏற்கப்பட்டபின் நாம் அமைத்த பக்கத்தைப் பெரிய பதிப்பகங்கள் அப்படியே அச்சிடுவதில்லை. வேர்டோ லேடெக்கோ எதுவாக இருந்தாலும் அதைப் பிரித்து, எக்ஸ்எம்எல் வடிவுக்கு மாற்றி, அதிலிருந்து தங்கள் பாணியில் பக்கங்களை உருவாக்குகின்றன. உலக ஆய்விதழ்களுக்கான இந்த வேலையில் கணிசமான பகுதி சென்னையிலும் புதுச்சேரியிலும் திருவனந்தபுரத்திலும் நடக்கிறது. எல்சவியர் பதிப்பகம் தன் ஆசிரியர்களுக்குத் தரும் லேடெக் வகுப்புக்கோப்பை, அதாவது கட்டுரையின் அமைப்பை வரையறுக்கும் கோப்பை, உருவாக்கியவர்களே திருவனந்தபுரத்துக்காரர்கள்தாம். ஆகவே வரி இடைவெளியைக் கால் பாயிண்ட் குறைத்துப் படத்தைப் பக்கத்தின் உச்சியில் நிறுத்த ஒருவர் செலவிடும் பிற்பகல், அங்கே பக்கம் அமைக்கும் மேசையில் இருக்கும் ஒருவரின் முதல் பொத்தான் அழுத்தலில் கரைந்துபோகும். அந்த நேரத்தைப் படத்தின் அச்சுக்கோடுகளில் உள்ள எழுத்து போதிய அளவில் இருக்கிறதா என்று பார்க்கச் செலவிட்டால் பலன் நிற்கும்; படம் மட்டும் பெரும்பாலும் நாம் கொடுத்தபடியே போகிறது.

தமிழ் இலக்கியம், மொழியியல், கல்வெட்டியல் சார்ந்து எழுதுவோருக்கு ஒரு தனிக் குறிப்பு. ஒருங்குறியில் தட்டச்சு செய்த தமிழ் மேற்கோள்களை வேர்டு இடையூறின்றிக் காட்டுகிறது. லேடெக்கை வழக்கமாகக் கம்பைல் செய்யும் பிடிஎஃப்லேடெக் இதற்கு ஒத்துவராது. ஸீலேடெக் அல்லது லுவாலேடெக் வழியே சென்று, தமிழ் எழுத்துருவைத் தனியே குறிப்பிட வேண்டும். அதைவிட முக்கியம், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் உள்ள பகுதிகளை அனுப்புவதற்கு முன்பே ஒருங்குறிக்கு மாற்றிவிடுவது. இல்லையென்றால் இதழின் அலுவலகத்தில் சங்கப் பாடல் வரி ஆங்கில எழுத்துக் குப்பையாகத் திறக்கும்.

ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றப் பாண்டாக் என்ற இலவச மென்பொருள் உதவுகிறது. உரையும் எளிய சமன்பாடுகளும் நன்றாகவே வந்துசேரும், சிக்கலான அட்டவணைகளையும் எண்ணிட்ட சுட்டுகளையும் கையால் சீர் செய்ய வேண்டியிருக்கும். இதை நம்பிப் பாதி வழியில் கருவியை மாற்ற நான் எவருக்கும் சொல்வதில்லை.

பக்கத்துக்கு இரண்டு மூன்று சமன்பாடுகளுக்கு மேல் இருந்து, திருத்தும் கைகளில் பெரும்பாலானவை லேடெக் அறிந்தவையாக இருந்தால் ஓவர்லீஃபில் தொடங்கலாம். சமன்பாடு அரிதென்றால், நெறியாளர் வேர்டில் திருத்துபவர் என்றால், வேர்டும் ஸோட்டெரோவும் போதும். அதில் தாழ்வு எதுவும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர்களுக்கு, அதாவது சமன்பாடு நிறையவும் லேடெக் அறியாத நெறியாளரும் ஒருங்கே வாய்த்தவர்களுக்கு, நான் பார்த்தவற்றுள் ஒத்துவந்த வழி ஒன்றுதான். முன்னுரையையும் முடிவுரையையும் வேர்டில் எழுதி, திருத்தச் சுற்றுகள் ஓய்ந்தபின் லேடெக்குக்குக் கொண்டுவருவது. சமன்பாடுகள் உள்ள நடுப்பகுதியை முதலிலிருந்தே லேடெக்கில் எழுதி, அதை மட்டும் நெறியாளரோடு நேரில் உட்கார்ந்து திரையில் திருத்துவது. அந்த இயற்பியல் மாணவியின் இரண்டாவது கட்டுரை அப்படித்தான் போனது. வாட்ஸ்அப்பில் படம் எதுவும் வரவில்லை.