லினக்ஸில் லாஜிடெக் ஜி304 மவுஸ்: பைப்பர் மென்பொருளோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்

பெங்களூரு அல்சூரில் டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், பள்ளி ஆண்டு மலர் எல்லாமே உபுண்டு லினக்ஸில், இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளிலும் ஸ்கிரைபஸ் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளிலும்தான். நாள் முழுக்கக் கை மவுஸில் இருப்பதால் இதில் நான் ரொம்பக் கறார்.

முன்பிருந்த மவுஸின் ஓரப் பட்டன்களை மாற்றும் மென்பொருள் விண்டோஸுக்கு மட்டும்தான் வந்தது. மவுஸ் பட்டன்களை மாற்றும் எக்ஸ்இன்புட் என்ற லினக்ஸ் கட்டளைகளை வைத்து ஓட்டிக்கொண்டிருந்தேன். உபுண்டு, திரையைக் கையாளும் வேலேண்டு என்ற புது முறைக்கு மாறியதும் அதுவும் எடுபடவில்லை.

எஸ்.பி. ரோட்டில் ஒரு கடையில், "அண்ணே, என் லேப்டாப்பில் போட்டுப் பார்த்துத்தான் எடுப்பேன்" என்றேன். "தாராளமா பாருங்கம்மா" என்று ஜி304 டெமோ மவுஸை எடுத்துக் கொடுத்தார். லினக்ஸ்காரர்களுக்கு இப்படிப்பட்ட கடைதான் தோது.

ஜி304-க்கும் பட்டன்களை மாற்ற உதவும் லாஜிடெக்கின் ஜி ஹப் மென்பொருள் லினக்ஸில் கிடையாது. அந்தக் குறையைத் தீர்ப்பது பைப்பர் என்ற இலவச மென்பொருள். திறந்தால் மவுஸின் படம் வரும், ஒவ்வொரு பட்டனிலிருந்தும் ஒரு கோடு நீளும். கட்டைவிரல் பட்டன் ஒன்றுக்கு கன்ட்ரோல்-இசட் (செய்ததைத் திரும்பப் பெறுவது) கொடுத்து, அப்ளை அழுத்தினேன். அது மவுஸின் சொந்த நினைவகத்திலேயே பதிந்துவிடுகிறது. வீட்டு லேப்டாப்பில் ரிசீவரைச் செருகினாலும் அதே பட்டன் அதே வேலையைச் செய்கிறது. இந்த ஒரு காரணத்துக்கே காசு கொடுக்கலாம்.

ஒன்றைப் பிரித்துப் புரிந்துகொள்ள வேண்டும். டிபிஐ, அதாவது மவுஸை நகர்த்தும்போது கர்ஸர் எவ்வளவு தூரம் போகும் என்ற அளவு, மவுஸுக்குள் இருப்பது, அதைப் பைப்பரில் மாற்றலாம். கையை வேகமாக இழுத்தால் கர்ஸர் கூடுதலாகப் பாய்வது ஆக்ஸிலரேஷன், அது மவுஸ், கீபோர்டு உள்ளீடுகளைக் கையாளும் லிப்இன்புட் என்ற லினக்ஸ் மென்பொருளின் வேலை. அதை சிஸ்டம் செட்டிங்ஸில்தான் அணைக்க வேண்டும், ஒவ்வொரு கணினியிலும் தனித்தனியாக. அணைத்த பிறகுதான் பத்திரிகை ஓரத்துக் கொடி வேலைப்பாடு கைக்கு அடங்கியது. சக்கரத்தை அழுத்தினால் தேர்ந்தெடுத்த எழுத்து போய் ஒட்டிக்கொள்வதும் மவுஸ் கோளாறு இல்லை. உபுண்டு டெஸ்க்டாப்பின் அமைப்புகளை மாற்றும் க்னோம் ட்வீக்ஸ் என்ற மென்பொருளில் நிறுத்திவிடலாம்.

பட்டன் எதுவும் வேலை செய்யவில்லை என்று தோன்றினால் உடனே கடைக்கு ஓட வேண்டாம். லிப்இன்புட் டூல்ஸ் நிறுவி, டெர்மினலில் அதன் டீபக் ஈவன்ட்ஸ் கட்டளையை ஓடவிட்டு, பட்டனை அழுத்துங்கள். புதிய வரி வந்தால் மவுஸ் நலம், செட்டிங்கைத்தான் பார்க்க வேண்டும். வராவிட்டால் பேட்டரியையும் ரிசீவரையும் பாருங்கள்.

குறையும் உண்டு. ஒரு ஏஏ பேட்டரியோடு 99 கிராம், பின்பக்கம் கனமாகவே தெரிகிறது. கிளிக் சத்தமும் கொஞ்சம் அதிகம். அப்புறம், ஓரப் பட்டன் இரண்டும் இடப்பக்கம்தான். என் கடையில் லேஅவுட் பார்க்கும் பையன் இடது கைக்காரன், அவனுக்கு இது சரிப்படவில்லை. வேறு மவுஸ் தேடிக்கொண்டிருக்கிறேன், பைப்பரில் ஓடுகிற மாதிரி.