ப்ரியஸ் சி: நன்றாக ஓடும், கட்டி இழுக்க ஆகாது

பழைய ஹைபிரிட் கார் (பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் கார்) வாங்கலாமா என்று என்னிடம் கேட்கிற எல்லாரும் பேட்டரியில்தான் ஆரம்பிக்கிறார்கள். "பேட்டரி போனால் பல ஆயிரம் வெள்ளியாமே டீச்சர்?" நியாயமான பயம்தான். ஆனால் டொயோட்டா ப்ரியஸ் சி-யை வருடக்கணக்கில் வைத்துக்கொண்டு, பட்டர்வொர்த்திலிருந்து பாலம் கடந்து பினாங்குத் தீவில் இருக்கும் பள்ளிக்குப் போய்வருகிற எனக்கு, கேட்க வேண்டிய கேள்விகள் வேறு என்று தோன்றுகிறது. அந்தப் பேட்டரிக்குக் காற்று எந்த வழியாகப் போகிறது? ஏர்கோனுக்கு எந்த எண்ணெய் ஊற்றியிருக்கிறார்கள்? வண்டி நகராமல் நின்றுவிட்டால் அதை எப்படிக் கொண்டுபோவது? கடைசிக் கேள்வியை யாருமே கேட்பதில்லை. அதனால் அதைப் பற்றித்தான் இங்கே அதிகம் எழுதப்போகிறேன்.

முதலில் காரைப் பற்றி. ப்ரியஸ் சி மலேசியாவுக்கு 2012-இல் வந்தது. ஜப்பானில் இதே காருக்கு அக்வா என்று பெயர். அப்போது இறக்குமதியாகும் ஹைபிரிட் கார்களுக்கு அரசாங்கம் இறக்குமதி வரியையும் கலால் வரியையும் விலக்கியிருந்ததால் ஒரு லட்சம் வெள்ளிக்குள் கிடைத்தது. 2013 முடிவோடு அந்தச் சலுகை நின்றது. இன்று பழைய கார் சந்தையில் பார்க்கிற ப்ரியஸ் சி-க்களில் நிறைய அந்தக் காலத்தில் வந்தவைதான், என்னுடையதும் அப்படி ஒன்று. எஞ்சின் 1,497 சிசி. சாலை வரி 90 வெள்ளி.

பினாங்கு நெரிசலுக்கு இதைவிடப் பொருத்தமான வண்டியை நான் ஓட்டியதில்லை. மாலையில் பாலத்துக்குப் போகும் வழியில் வண்டிகள் அங்குலம் அங்குலமாக நகரும்போது எஞ்சின் பெரும்பாலும் அணைந்தே இருக்கும். ஏர்கோன் கம்ப்ரசர் மின்சாரத்தில் ஓடுவதால் எஞ்சின் நின்றாலும் குளிர் குறையாது. தைப்பூசத்தின்போது தண்ணீர்மலைப் பக்கம் மாட்டிக்கொண்டால் மற்றவர்கள் பெட்ரோல் முள்ளைப் பார்த்துக் கவலைப்படுவார்கள். எனக்கு அந்தக் கவலை இல்லை. லிட்டருக்கு 20 கிலோமீட்டருக்கு மேல் எனக்குச் சாதாரணமாகக் கிடைக்கிறது. அதுவும் நெடுஞ்சாலையைவிட ஊருக்குள்தான் நன்றாகக் கிடைக்கிறது. டுரியான் காலத்தில் பாலிக் பூலாவுக்குப் போகும்போது மலை இறக்கத்தில் பிரேக்கை மெல்ல மிதித்துக்கொண்டே வந்தால் கீழே சேர்வதற்குள் பேட்டரி நிரம்பிவிடும். நிரம்பிய பிறகு கியரை B-க்கு மாற்றுங்கள். அதற்குமேல் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக் சூடாகாது.

பின்னால் பெரியவர்கள் மூன்று பேர் உட்கார்ந்தால் நெருக்கம்தான். பிளஸ் நெடுஞ்சாலையில் தைப்பிங் தாண்டி ஏற்றத்தில் அழுத்தினால் எஞ்சின் சத்தம் உயர்ந்து அங்கேயே நிற்கும். படிப்படியாக மாறும் கியர் இதில் இல்லை, அதனால் இது இயல்பு. பழகிவிடும்.

பராமரிப்பில் இந்தக் கார் எளிது என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. இதில் ஸ்டார்ட்டர் மோட்டார் கிடையாது, ஆல்டர்னேட்டர் கிடையாது, எஞ்சினுக்கு வெளியே ஓடும் பெல்ட்டும் கிடையாது. தண்ணீர் பம்ப்கூட மின்சாரத்தில் சுற்றுகிறது. ஆக, சாதாரணக் காரில் அடிக்கடி மாற்றுகிற பல சாமான்கள் இதில் இல்லவே இல்லை. வேகம் குறையும்போது மோட்டாரே வண்டியை நிறுத்த உதவுவதால் பிரேக் பேடுகளும் நீண்ட நாள் வருகின்றன.

ஆனால் கவனிக்க வேண்டிய இடங்கள் உண்டு. 144 வோல்ட் பேட்டரி பின் இருக்கைக்கு அடியில் இருக்கிறது. 7.2 வோல்ட் கட்டைகள் 20, வரிசையாக இணைக்கப்பட்டவை. அதைக் குளிர்விக்கும் காற்றைச் சிறு விசிறி ஒன்று காருக்குள்ளிருந்துதான் இழுக்கிறது, பின் இருக்கையின் பக்கவாட்டில் இருக்கும் துளை வழியாக. அந்தத் துளையில் துண்டு, பை, பிள்ளைகளின் புத்தக மூட்டை என்று எதையாவது சாய்த்து வைத்தால் பேட்டரி மூச்சு முட்டிப்போகும். தூசி படிந்தாலும் அப்படித்தான். வீட்டில் பூனை, நாய் இருந்தால் இன்னும் சீக்கிரம் அடைக்கும். நம் ஊர் வெயிலில் கார் நாள் முழுக்கப் பொட்டலில் நின்றால் உள்ளே காற்று எப்படிக் கொதிக்கும் என்று உங்களுக்கே தெரியும். நான் ஏறியதும் முதலில் கண்ணாடிகளை இறக்கி வெக்கையை வெளியேற்றிவிட்டுத்தான் ஏர்கோன் போடுவேன். பழைய ப்ரியஸ் சி பார்க்கப் போகிறவர்கள் அந்தத் துளையில் டார்ச் அடித்துப் பாருங்கள். முந்தைய உரிமையாளர் காரை எப்படி வைத்திருந்தார் என்பது அங்கே தெரிந்துவிடும்.

ஏர்கோன் விஷயம் இதைவிட முக்கியம். கம்ப்ரசருக்குள் உயர் அழுத்த மின்சாரம் ஓடுகிறது. அதற்கு மின்சாரம் கடத்தாத எண்ணெய் தேவை, என்டி 11 என்று கேட்க வேண்டும். சாதாரணக் காருக்கு ஊற்றும் எண்ணெய் கொஞ்சம் கலந்தாலும் மின்காப்பு குறைந்து எச்சரிக்கை விளக்கு எரியும். அப்புறம் ஒவ்வொரு பாகமாகக் கழற்றிப் பார்க்கும் செலவு. அதனால் ரோட்டோர ஏர்கோன் கடையில் கேஸ் மட்டும் ஏற்றிக்கொள்கிறேன் என்று விடாதீர்கள். பிறையில் நான் போகும் பட்டறையில் இதற்கென்றே தனிக் கருவி வைத்திருக்கிறார்கள், மற்றக் கார்களுக்கு அதைத் தொடுவதில்லை. அந்த ஒரு காரணத்துக்காகவே அங்கே போய்க்கொண்டிருக்கிறேன்.

பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றிக்கொடுக்கும் இன்வெர்ட்டருக்குத் தனியாகக் கூலன்ட் தொட்டி இருக்கிறது, அதையும் பார்க்கச் சொல்லுங்கள். இன்னொன்று 12 வோல்ட் பேட்டரி. அதுவும் பின்னால், ஆட்கள் உட்காரும் பகுதிக்குள்ளேயே இருப்பதால் வாயு வெளியே போக குழாய் உள்ள வகைதான் போட வேண்டும். மலிவாகக் கிடைக்கிறதே என்று வேறு வகை போடக் கூடாது. பெரிய பேட்டரி நிரம்பி இருந்தாலும் இந்தச் சின்னது செத்துவிட்டால் வண்டி ரெடி ஆகாது. ஹைபிரிட் போய்விட்டது என்று பயந்து பட்டறைக்குக் கொண்டுவருகிறவர்களில் பலருக்கு இதுதான் கோளாறு என்று என் மெக்கானிக் அண்ணன் சொல்வார்.

இப்போது தூக்கிக்கொண்டு போகும் விஷயம்.

2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பினாங்கை அடித்த வெள்ளத்தை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். எங்கள் தாமானிலும் தண்ணீர் ஏறியது. போர்ச்சில் நின்ற காரின் கதவு அடி வரைக்கும் வந்து, உள்ளே புகாமல் வடிந்தது. பேட்டரி இருக்கைக்கு அடியில், அவ்வளவு தாழ்வாக இருக்கும் காருக்கு இது சின்ன விஷயம் அல்ல. மெக்கானிக்கிடம் போன் போட்டேன். "பட்டனை அழுத்திப் பார்க்காதீங்க டீச்சர். தூக்கிட்டு வரச் சொல்லுங்க. நாலு சக்கரமும் மேல இருக்கணும்" என்றார்.

வந்தது, இரண்டு சக்கரங்களை மட்டும் தூக்கி இழுக்கும் கொக்கி லோரி. என் கார் வீட்டைப் பார்த்து நின்றதால் லோரிக்காரருக்குப் பின்பக்கம்தான் வாட்டமாக இருந்தது. பின் சக்கரங்களைத் தூக்கிவிட்டு, முன் சக்கரங்கள் ரோட்டில் உருள இழுத்துப் போகப் பார்த்தார். இரவெல்லாம் தூங்காமல் வேலை செய்த மனிதர், அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் அவருடைய அலுவலகத்தில் பேசியவர், "நியூட்ரல் போட்டால் எந்தக் காரையும் இழுக்கலாம்" என்று உறுதியாகச் சொன்னார். அது இந்தக் காருக்குப் பொருந்தாது. கையேட்டைப் பிரித்து, முன் சக்கரங்கள் தரையில் படக் கூடாது என்று போட்டிருக்கும் படத்தைக் காட்டினேன். லோரிக்காரர் பார்த்துவிட்டு, சரி, என்னால் முடியாது என்று போய்விட்டார். வேறொரு நிறுவனத்தின் ஃபிளாட்பெட் லோரி, அதாவது காரை முழுதாக மேலே ஏற்றிக்கொள்ளும் தட்டையான லோரி, மாலையில்தான் வந்தது. அந்த இளைஞர் முன் சக்கரங்களுக்கு அடியில் உருளைப் பலகைகளைக் கொடுத்து, வின்ச்சால் மெல்ல இழுத்து மேலே ஏற்றி, நான்கு டயர்களுக்கும் பட்டை போட்டுக் கட்டினார். கொக்கி லோரியைவிட வாடகை அதிகம். தயங்காமல் கொடுத்தேன்.

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், இந்தக் காரின் நியூட்ரல் நாம் நினைக்கிற நியூட்ரல் அல்ல. இதில் மின்மோட்டார் இரண்டு. முன் சக்கரங்களை ஓட்டும் பெரிய மோட்டாரை அவற்றிலிருந்து பிரித்துவிட எந்த கிளட்ச்சும் இல்லை. சக்கரம் உருண்டால் மோட்டார் சுற்றியே தீரும். அதற்குள் நிரந்தரக் காந்தம் இருக்கிறது. காந்தம் கம்பிச்சுருளுக்குள் சுற்றினால் மின்சாரம் பிறக்கும் என்று ஐந்தாம் படிவத்தில் படித்தோமே, அதேதான். கார் அணைந்திருந்தாலும், சாவி உங்கள் பையில் இருந்தாலும் மின்சாரம் பிறக்கும். இரண்டாவது மோட்டாரின் நிலைமை இன்னும் மோசம். எஞ்சினையும் மோட்டார்களையும் சக்கரங்களையும் பிணைக்கும் கிரகப் பல்சக்கர அமைப்பில் நடுச் சக்கரத்துக்கு 30 பல், கார்ச் சக்கரங்களோடு சேர்ந்து சுற்றும் வெளி வளையத்துக்கு 78 பல். எஞ்சின் அசையாமல் நிற்கும்போது வளையம் ஒரு சுற்றுச் சுற்றினால் நடுச் சக்கரமும் அதோடு சேர்ந்த மோட்டாரும் எதிர்த்திசையில் 2.6 சுற்றுச் சுற்றும். ஓடுகிற காரில் கணினி எஞ்சினைச் சுழலவிட்டு அந்த வேகத்தை அடக்கிவைக்கும். இழுத்துப் போகிற காரில் அடக்க யாரும் இல்லை. நெடுஞ்சாலை வேகத்தில் இழுத்தால் மின்சுற்று கருகலாம், தீயும் பிடிக்கலாம்.

முன் சக்கரங்களைத் தூக்கிவிட்டுப் பின் சக்கரங்கள் மட்டும் உருண்டால் ப்ரியஸ் சி-க்குப் பிரச்சினை இல்லை, ஹேண்ட்பிரேக்கை இறக்கிவிட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் ரீகோனில் (ஜப்பானில் ஓடிய பழைய காராக இறக்குமதியாகி) வரும் எஸ்டிமா ஹைபிரிட் வைத்திருப்பவர்கள் இதைத் தங்களுக்கும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அதில் பின் சக்கரங்களுக்கும் தனி மோட்டார் உண்டு. நான்கும் தரையை விட்டு எழும்ப வேண்டும்.

பட்டறையில் பின் இருக்கையைக் கழற்றி, காப்புக் கையுறை போட்டுப் பேட்டரியின் மின்சாரத்தைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கை உருவிய பிறகுதான் உயர் அழுத்த மின்சாரம் ஓடும் ஆரஞ்சு நிறக் கம்பிகளின் பக்கமே போனார்கள். ஈரம் ஏறவில்லை. கியர் எண்ணெயில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்த்தார்கள், பிரேக்கைச் சுத்தம் செய்தார்கள். கார் அதே வாரம் வீட்டுக்கு வந்தது.

இதையெல்லாம் பெரியப்பா மகன் அண்ணனிடம் சொன்னபோதுதான் அவர் திட்டம் மாறியது. அமெரிக்காவில் இருக்கிறார், ஓய்வு பெற்றதும் மோட்டார்ஹோம், அதாவது உள்ளேயே தங்கிக்கொள்ளும் வீட்டு வண்டி, வாங்கிவிட்டார். அங்கே ஒரு வழக்கம்: பெரிய வண்டியை முகாமில் நிறுத்திவிட்டுக் கடைகண்ணிக்குப் போக ஒரு சிறிய காரைப் பின்னால் கட்டிக்கொண்டே போகிறார்கள். டிரெய்லரில் ஏற்றுவதில்லை. நான்கு சக்கரமும் ரோட்டில் உருள, இரும்புத் தண்டால் பிணைத்து இழுப்பது. என் காரின் எண்ணெய்ச் செலவைக் கேட்டு அவரும் ஒரு ப்ரியஸைத்தான் கட்டி இழுக்க நினைத்திருந்தார். கையேட்டுப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினேன். கடைசியில் பழைய ஃபோர்ட் சி-மேக்ஸ் ஹைபிரிட் வாங்கினார். அதன் கையேடு நியூட்ரலில் நான்கு சக்கரமும் உருள இழுக்க அனுமதிக்கிறது. உள்ளே இருப்பதும் ஏறக்குறைய இதே மாதிரி இரண்டு மோட்டார், கிரகப் பல்சக்கர ஏற்பாடுதான். ஒரு நிறுவனம் அதற்கென்று சோதித்து அனுமதி கொடுத்திருக்கிறது, இன்னொன்று கூடாது என்கிறது. ஆகவே ஹைபிரிட் என்றால் இழுக்கலாம், இழுக்கக் கூடாது என்று பொதுவாகச் சொல்லும் எவரையும் நம்பாதீர்கள். அந்த மாடலின், அந்த வருடத்தின் கையேட்டைப் பாருங்கள்.

அனுமதி இருந்தாலும் வேலை குறைவு இல்லை. காரின் முன்பக்கச் சட்டத்தில் தண்டு மாட்ட இரும்புத் தளம் பொருத்த வேண்டும். பாதுகாப்புச் சங்கிலி வேண்டும், பின் விளக்குகளுக்கு இணைப்பு இழுக்க வேண்டும். பெரிய வண்டி நிற்கும்போது சிறிய காரின் பிரேக்கையும் அழுத்தும் கருவி தனி. 12 வோல்ட் பேட்டரி வழியில் தீர்ந்துபோகாமல் இருக்க ஒரு சார்ஜ் கம்பியும் போட்டுக்கொள்கிறார்கள்.

இங்கேயும் மோட்டார்ஹோம் வாடகைக்கு எடுத்துக் குடும்பத்தோடு கிளம்புகிறவர்கள் கூடிவிட்டார்கள். கேமரன் மலைக்குப் போகும்போது பின்னால் ப்ரியஸைக் கட்டிக்கொள்ளலாமா என்று பள்ளியில் ஒருவர் என்னிடம் கேட்டே விட்டார். கட்டவே கூடாது. யாராவது ஒருவர் அதைத் தனியாக ஓட்டி வரட்டும். மலை ஏறி இறங்க அது அருமையான வண்டி.

ஊருக்குள் அதிகம் ஓட்டுபவர், ஹைபிரிட் தெரிந்த பட்டறை பக்கத்தில் இருப்பவர் என்றால் ப்ரியஸ் சி-யைத் தாராளமாக வாங்கலாம். வாங்கிய அன்றே காப்புறுதி நிறுவனத்துக்கு போன் செய்து, இழுவைச் சலுகையில் ஃபிளாட்பெட் லோரி அடங்குமா, எத்தனை கிலோமீட்டர் வரை என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிளஸ் நெடுஞ்சாலையில் நின்றுவிட்டால் அவர்களுடைய ரோந்துக் குழு இலவசமாகவே அருகிலுள்ள டோல் சாவடி வரை கொண்டுபோய் விடும். அவர்களிடமும் போனிலேயே, லோரி கிளம்புவதற்கு முன்பே, "ஹைபிரிட், முன் சக்கரம் தரையில் படக் கூடாது" என்று சொல்லிவிடுங்கள்.